நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டமும் பெயர் தேடும் சேவையும்: ஒரு மதிப்புரை

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், நந்தம்பாக்கம் வணிக மையத்துக்கு அருகே, மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக அந்தச் சாலையில் பேருந்தில் போய்வந்திருந்தும், சென்ற நவம்பர் 11ஆம் தேதிதான் முதன்முறையாக அதன் வாயிலுக்குள் காலடி வைத்தேன். 1918ஆம் ஆண்டு அதே நாளில் காலை 11 மணிக்கு முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அதன் நினைவாகப் பிரிட்டனிலும் காமன்வெல்த் நாடுகள் பலவற்றிலும் அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பது வழக்கம். எங்கள் குடும்பத்திலிருந்து அந்தப் போருக்குப் போய்த் திரும்பாமலே போன ஒருவருக்காக நானும் அந்த இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்று விரும்பினேன். இந்த மதிப்புரை இரண்டு சேவைகளைப் பற்றியது. ஒன்று, இந்தத் தோட்டம். மற்றொன்று, இதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் தன் இணையதளத்தில் கட்டணமின்றி நடத்திவரும் பெயர் தேடும் வசதி. இரண்டாவது இல்லாமல் நான் முதலாவதற்கு வந்திருக்கவே மாட்டேன் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தோட்டம் 1952இல் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பற்பல ஊர்களின் பொதுக் கல்லறைகளிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் தனித்தனியே அடக்கம் செய்யப்பட்டிருந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை, அங்கெல்லாம் அவர்களுடைய கல்லறைகளுக்கு நிலையான பராமரிப்பு கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால், ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக இதை உருவாக்கினார்கள். ஏறத்தாழ 2.75 ஏக்கர் பரப்பில் 856 பேர் இங்கே உறங்குகிறார்கள். நோயிலும் விபத்திலும் மருத்துவமனைப் படுக்கையிலும் இறந்தவர்களும் போரில் இறந்தவர்களாகவே இங்கே மதிக்கப்படுகிறார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான், போர்முனை எதுவும் இல்லாத சென்னையில் இத்தனை கல்லறைகள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

பராமரிப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. புல்தரை ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருக்கிறது, வரிசைகளுக்கிடையே பூச்செடிகள் இருக்கின்றன, கல்லில் பொறித்த எழுத்துகளைக் கண்ணாடி போடாமலே என்னால் படிக்க முடிந்தது. ஒவ்வொரு கல்லிலும் படைப்பிரிவின் சின்னம், படை எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது ஆகியவை உள்ளன. சிலவற்றின் அடியில் குடும்பத்தினர் எழுதி அனுப்பிய ஓரிரு வரிகளும் உண்டு. நான் மெல்ல நடந்தபடி வயதுகளை மட்டும் படித்துக்கொண்டே போனேன். இருபதும் இருபத்திரண்டும் இருபத்து நான்குமாக அவை தொடர்ந்து வந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் மகனின் வயதை நினைத்து ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

இந்தக் கற்களுக்கிடையே உயர்வு தாழ்வு இல்லை. அதிகாரிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு வேறொரு கல் என்று வைப்பதில்லை. இந்தக் கொள்கை ஆணையம் தோன்றிய காலத்திலேயே வகுக்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது பிரான்சில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஃபேபியன் வேர் என்பவர், இறந்தவர்கள் எங்கே புதைக்கப்படுகிறார்கள் என்பதை யாரும் முறையாகக் குறித்துவைக்கவில்லை என்பதைக் கண்டு, தானே பதிவு செய்யத் தொடங்கினார். அந்த முயற்சி 1917 மே 21 அன்று அரசப் பட்டயம் பெற்ற ஆணையமாக வளர்ந்தது. மறு ஆண்டு ஃபிரெடரிக் கென்யன் அளித்த அறிக்கையின் வழியில், ஒவ்வொருவரும் பெயரால் நினைவுகூரப்பட வேண்டும், பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடு பார்க்கக் கூடாது என்ற விதிகள் நிலைபெற்றன. இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறத்தாழ 23,000 இடங்களில், 17 லட்சம் பேரின் நினைவை இந்த ஆணையம் காத்துவருகிறது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய 6 நாடுகளின் அரசுகள் இதற்கான செலவைப் பகிர்ந்துகொள்கின்றன.

போரில் இறந்தவனின் பெயரைக் கல்லில் எழுதுவது நமக்குப் புதிய பழக்கமன்று. சங்க காலத்திலேயே நடுகல்லில் வீரனின் பெயரையும் சிறப்பையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில், செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தச் சண்டை, இறந்தவன் யார் என்ற செய்திகளை வட்டெழுத்தில் படிக்கலாம். ஆநிரை மீட்கப் போய் இறந்த, அரசர் குலத்தைச் சேராத எளிய மறவர்களுக்கும் அந்தக் கற்கள் எழுந்தன. அவற்றுள் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் படையல் பெறுகின்றன. நந்தம்பாக்கத்துக் கல் ஒன்றின் முன் நின்று பெயர், படை, நாள் என்று படித்தபோது, அந்தப் பழைய வரிசைமுறையே என் நினைவுக்கு வந்தது.

தோட்டத்தின் பின்புறம் அமைந்திருக்கும் மெட்ராஸ் 1914-1918 போர் நினைவுச்சின்னத்தைப் பார்க்காமல் யாரும் திரும்பிவிட வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இறந்து, நிரந்தரமாகப் பராமரிக்க இயலாத ஊர்க் கல்லறைகளில் அடக்கமான 1,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். அவர்களுடைய உடல்கள் இங்கே இல்லை. பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. 11 மணிக்கு நான் அங்கேதான் நின்றேன். அப்போது அருகில் வேறு யாரும் இல்லை.

நான் தேடிய பெயர் அந்தச் சுவரில் இல்லை, இருக்கவும் முடியாது என்பதை அறிந்தேதான் போயிருந்தேன். எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி, பாலம், சாலை அமைக்கும் பொறியியல் படையான மதராஸ் சாப்பர் படையில் சேர்ந்து, இன்றைய இராக்கான மெசபடோமியாவுக்குப் போனவர். வீட்டில் அவரைப் ‘பஸ்ராத் தாத்தா’ என்றுதான் சொல்வார்கள். பஸ்ராவுக்குப் போனார், திரும்பவில்லை என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பிறந்த வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து அந்தப் போருக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு ஒரு சிறு சான்று வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று அங்கே பதித்த கல் சொல்கிறது. சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைத்தெருவில் நடந்தபோது அந்தக் கல்லை அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். அந்த 14 பேர் யார் யார் என்று நான் கேட்டதற்கு, “அது கல்லுல இல்லப்பா” என்றார்.

எண்ணிக்கை இருந்து பெயர் இல்லாமல் போன இந்த நிலை மணிக்கூண்டோடு முடியவில்லை. சமத்துவ விதியை வகுத்த அந்த ஆணையமே, ஐரோப்பாவுக்கு வெளியே அதை முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை. பிரான்சின் நெவ் ஷப்பேலில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக பஸ்ராவில் எழுப்பிய, 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும் சின்னத்தில், பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் பொறித்துவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் மட்டும் காட்டினார்கள். ஒரே போரில், ஒரே படையில், ஒரே ஊதியத்துக்கு உயிரைக் கொடுத்த இரண்டு தமிழர்களுள், பிரான்சில் விழுந்தவருக்குப் பெயர் கிடைத்தது, பஸ்ராவில் விழுந்தவர் ஒரு தொகைக்குள் போய்விட்டார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கல்லில் இடம்பெறாத அந்தப் பெயர்கள் ஆணையத்தின் பதிவேடுகளில் தங்கிவிட்டன. அந்தப் பதிவேடுகளை இணையத்தில் தேடும்படி வைத்திருப்பதுதான், நான் இங்கே மிகுந்த நன்றியுடன் பரிந்துரைக்கும் சேவை. பயன்படுத்துவது கடினமன்று. பெயர், படை எண், படைப்பிரிவு, எந்தப் போர், இறந்த ஆண்டு, நினைவுச்சின்னம் இருக்கும் நாடு ஆகியவற்றுள் தெரிந்ததை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் ஆங்கிலத்தில்தான் தேட முடியும். தமிழ்ப் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருப்பதால், முதல் முயற்சியில் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடக் கூடாது. ‘சாமி’ என்று முடியும் ஒரு பெயரை ஒரு பதிவில் ‘சாமி’ என்றும், இன்னொன்றில் ‘ஸ்வாமி’ என்றும், மற்றொன்றில் ‘சாவ்மி’ என்று படிக்கும்படியும் எழுதியிருப்பார்கள். முனி, முனு, மூனு என்று பெயரின் தொடக்கமும் மாறும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், உள்ள ஒரே பெயரைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் இட்டுத் தேட வேண்டும்.

இவற்றைவிட எனக்கு மிகவும் கைகொடுத்தது ‘கூடுதல் தகவல்’ என்ற பகுதி. இந்திய வீரர்கள் பலருடைய பதிவில் தந்தையின் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவை அங்கே குறிக்கப்பட்டுள்ளன. திருமணமானவர் என்றால் சிலருக்கு மனைவியின் பெயரும் உண்டு. எனவே வீரரின் பெயரை விட்டுவிட்டு, ஊரையோ மாவட்டத்தையோ மட்டும் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். அப்போது இன்றைய பெயர்கள் உதவாது. வட ஆற்காடு, செங்கற்பட்டு, திருச்சினாப்பள்ளி, தஞ்சாவூர் ஆகியவற்றை ஆங்கிலேயர் எழுதிய அன்றைய வடிவத்திலேயே இட வேண்டும். தேடல் முடிவுகளைப் பட்டியலாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், ஒரு மாவட்டத்துப் பெயர்களை எல்லாம் இறக்கிக்கொண்டு, மாலை வேளைகளில் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தோம். எழுத்தாகப் பார்க்கும்போது பிடிபடாத பெயர், உரக்கப் படித்தால் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த இணையதளம் எனக்குத் தெரிவதற்கு முன்பு, முன்னோர்களின் ராணுவப் பதிவுகளைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் நிறுவனத்திடம் பணம் கட்டினேன். அவர்கள் மூன்று மாதம் கழித்து அனுப்பிய தாள், எங்கள் தாத்தாவின் பெயரைக் கொண்ட, ஆனால் வேறொரு மாவட்டத்தைச் சேர்ந்த, வேறொரு போரில் இறந்த ஒருவருடையது. பணம் போனதைவிட, அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆறு மாதம் கூடத்தில் மாட்டிவைத்திருந்தோமே என்பதே எங்களுக்குப் பெரிய வருத்தம். இலவசமாகக் கிடைக்கும் ஒரு பதிவுக்காக யாரும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். தந்தையின் பெயரும் ஊரும் ஒத்துவராத எந்தப் பதிவையும் தம் வீட்டுப் பதிவாக ஏற்கவும் வேண்டாம்.

எங்கள் தேடல் ஒன்பது நாள் நீடித்தது. பதவி சாப்பர், கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் பெயர், எங்கள் தாலுகா என மூன்றும் ஒத்த பதிவு ஒன்று கிடைத்தது. நினைவிடம் என்ற இடத்தில் பஸ்ரா நினைவுச்சின்னம் என்றும், இறந்த நாள் என்ற இடத்தில் 1916 மார்ச் மாதத்துத் தேதி ஒன்றும் இருந்தன. கூத் நகரில் முற்றுகையிடப்பட்டிருந்த படையை மீட்பதற்காக டைகிரிஸ் ஆற்றங்கரையில் நடந்த, ஏப்ரல் இறுதியில் தோல்வியில் முடிந்த போர்களின் காலம் அது. உடனே எங்கள் பெரிய அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். எண்பது வயதைத் தாண்டிய அவர், எந்த ஊர், எந்தச் சண்டை என்று எதையும் கேட்கவில்லை. “செத்த நாள் போட்டிருக்காடா?” என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருளை நம் வீடுகளில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். இறந்த நாள் தெரிந்தால்தான் திதி தெரியும். திதி தெரிந்தால்தான் அவருக்கென்று தனியே ஒரு நாளில் படையல் வைக்க முடியும். நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையன்று, மற்றவர்களோடு சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் பஸ்ராத் தாத்தாவுக்கு அப்படித்தான் நடந்துவந்தது. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து, அது மாசி மாதத்து வளர்பிறை என்று கணக்கிட்டுச் சொன்னார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். ஒரு இணையதளத்தின் பயனை எப்படி அளப்பது என்று என்னைக் கேட்டால், ஒரு குடும்பத்துக்குத் தொலைந்துபோன திதியை அது மீட்டுத் தந்தது என்பதைவிடப் பெரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

எல்லாருக்கும் இது கிடைத்துவிடவில்லை. 2021 ஏப்ரலில் ஆணையம் தானே அமைத்த சிறப்புக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயராலோ வேறெந்த வகையிலோ நினைவுகூரப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்றும் அது ஒப்புக்கொண்டது. ஆணையமும் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சரும் மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்போடு நிற்காமல் விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்க்கும் பணியும் நடந்துவருகிறது. 2025 ஜனவரியில் கேப்டவுனில் திறக்கப்பட்ட நினைவிடத்தில், ஆயுதம் ஏந்தாமல் சுமைதூக்கிகளாகவும் தொழிலாளர்களாகவும் உழைத்து இறந்த 1,700க்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களுள் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த ஒரு மரத்தூண் நடப்பட்டிருக்கிறது. அங்கே நடந்தது பஸ்ராவில் எண்ணிக்கையாக நிற்பவர்களுக்கும் நடக்க வேண்டும் என்று ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தேடும் வசதியில் தமிழ் எழுத்தையும் சேர்த்தால், அத்தையைப் போன்றவர்கள் பேரப்பிள்ளைகளின் உதவியின்றித் தாமே தேடிக்கொள்வார்கள்.

இரண்டாம் உலகப் போரைத் தேடுபவர்களுக்கு இந்தச் சேவை இன்னும் எளிதாகப் பயன்படும். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி, இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியனைத் தேடிப் பாருங்கள். பழகுவதற்கு அது ஒரு நல்ல தொடக்கம்.

தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். அனுமதிக் கட்டணம் இல்லை. ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் போகலாம். ‘வார் சிமெட்ரி’ என்று சொல்லிப் புரியாவிட்டால், வணிக மையத்தின் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். நவம்பர் மழைக்காலம் என்பதால் புல்தரை ஈரமாக இருக்கும். சிறுவர்களை அழைத்துப் போங்கள், ஆனால் படம் எடுத்துக்கொள்ளும் இடமாக அதைக் கருத வேண்டாம் என்று போகும் முன்பே சொல்லிவிடுங்கள். மலர் வைக்க விரும்பினால் எந்தக் கல்லுக்கும் வைக்கலாம். நான் வாங்கிப்போன சாமந்திச் சரத்தைப் பின்புறச் சுவரின் கீழே வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் எங்கள் தாத்தாவின் பெயரையும் படை எண்ணையும் தமிழில் எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மறுபடியும் அழைத்தார். அவருடைய தாய்மாமன் ஒருவர் பர்மா சண்டைக்குப் போனவராம். பெயரையும், தகப்பனார் பெயரையும், காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் ரங்கூன் நினைவுச்சின்னத்தின் பட்டியலில், இதுவரை மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் அந்தப் பெயரைத் தேடியிருக்கிறேன். நாளை நான்காவதைப் பார்க்க வேண்டும்.